பூட்டிய கதவும் திரும்பிப் போகும் வாடிக்கையாளரும்

சிட்னி ஒலிம்பிக் போட்டிகள் ஆரம்பமாவதற்கு மூன்று வாரங்களே எஞ்சியிருந்த வேளையில், 2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24 ஆம் திகதி, அவுஸ்திரேலியாவின் மனித உரிமைகள் மற்றும் சமவாய்ப்பு ஆணைக்குழு ஒரு தீர்ப்பை வழங்கியது. ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவுக்கு எதிராக முறைப்பாடு செய்திருந்தவர் புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்ற மனிதர். உலகம் பதக்கங்களையும் சாதனைகளையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த நாட்களில் இத்தகைய செய்தி அமுங்கிப் போனதில் வியப்பில்லை. ஆனால், இணையத்தளம் என்பதும் பொதுமக்கள் வந்துபோகும் ஓர் இடம்தான், அதன் வாசலைச் சிலருக்குத் திறந்து வேறு சிலருக்கு அடைத்து வைப்பது பாரபட்சமே என்று சட்டத்தின் துணையோடு உறுதியாகக் கூறப்பட்ட ஆரம்பகாலச் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

மகுவயர் கேட்டவை எவையும் வானத்தை வில்லாக வளைக்கும் காரியங்கள் அல்ல. கணினித் திரையில் உள்ள எழுத்துகளைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றி விரல் நுனிக்குத் தரும் கருவியொன்றை அவர் பயன்படுத்தி வந்தார். எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அக்கருவி படிக்கும். எழுத்தே இல்லாத படத்தை அதனால் படிக்க முடியாது. ஒலிம்பிக் இணையத்தளத்தில் படங்களுக்கும் படங்களாக அமைந்த இணைப்புகளுக்கும் எழுத்து விபரம் சேர்க்கப்பட வேண்டும், போட்டி நிகழ்ச்சி நிரல் பக்கத்தில் இருந்து விளையாட்டுகளின் அட்டவணைக்குச் செல்ல வழி இருக்க வேண்டும், போட்டி முடிவுகள் அடங்கிய பட்டியல்கள் வாசிக்கத்தக்க முறையில் அமைய வேண்டும். அவர் கேட்டவை இவ்வளவுதான்.

ஏற்பாட்டுக் குழுவின் பதில் என்ன தெரியுமா? பட்டியல்களுக்கான பக்க வார்ப்புகள் 1,295 இருக்கின்றன, ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வீதம் ஏறத்தாழ ஓர் ஆண்டு வேலை செய்தாலே அவற்றைத் திருத்த முடியும், செலவு 20 இலட்சம் டொலரைத் தாண்டும் என்று வாதிட்டார்கள். மகுவயரின் சார்பில் சாட்சியமளித்த நிபுணர்களோ அனுபவமுள்ள ஒருவரும் சில உதவியாளர்களும் சேர்ந்தால் நான்கு வாரங்களில் முடிக்கக்கூடிய வேலை அது என்றார்கள். ஆணைக்குழு ஏற்பாட்டுக் குழுவின் வாதத்தை ஏற்கவில்லை. ஆரம்ப விழா நாளான செப்டெம்பர் 15 ஆம் திகதிக்கு முன்னதாகத் தளத்தைச் சீர்செய்யுமாறு உத்தரவிட்டது. உத்தரவு முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. போட்டிகள் எல்லாம் முடிந்த பின்னர் நவம்பரில் மகுவயருக்கு 20,000 அவுஸ்திரேலிய டொலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவர் 1999 ஆம் ஆண்டு ஜூனிலேயே முறைப்பாடு செய்துவிட்டார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வாதாடிக் கழித்த அந்தப் பதினைந்து மாதங்களில் நான்கு வார வேலையைப் பல தடவைகள் செய்து முடித்திருக்கலாம்.

இக்கதையை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இணையம் வீட்டு மேசையில் இருந்து சட்டைப்பைக்கு வந்துவிட்டது. ஆனால், நிறுவனங்கள் சொல்லும் பதில் மட்டும் மாறவில்லை. செலவு அதிகம் என்பது ஒன்று. இதைக் கேட்பவர்கள் மிகச் சிலர் என்பது மற்றொன்று. இரண்டுமே பிழையான கணக்குகள் என்பதே எனது வாதம். அதுவும் இரக்கத்தின் பெயரால் அல்ல, கல்லாப்பெட்டியின் பெயரால் பார்த்தாலும் பிழையான கணக்குகள்.

பார்வையற்ற ஒருவர் கணினியையோ கையடக்கத் தொலைபேசியையோ எவ்வாறு பயன்படுத்துகிறார் என்பதை அருகில் இருந்து பார்த்திராதவர்களுக்கு இந்த விடயம் விளங்குவது கடினம். திரை வாசிப்பு மென்பொருள் திரையில் உள்ளதை மேலிருந்து கீழாகக் குரலில் வாசிக்கும். தலைப்புகள் முறைப்படி தலைப்புகளாகக் குறிக்கப்பட்டிருந்தால் அவர் தலைப்பில் இருந்து தலைப்புக்குத் தாவுவார். நாம் பத்திரிகையை மேலோட்டமாக மேய்வது போலத்தான். படத்துக்குரிய விபரம் எழுதப்பட்டிருந்தால் அதைக் கேட்பார். பொத்தானுக்குப் பெயர் இடப்பட்டிருந்தால் 'பணம் செலுத்துக' என்று கேட்கும். பெயர் இடப்படாவிட்டால் 'பொத்தான்' என்று மட்டும் கேட்கும். அடுத்ததும் 'பொத்தான்'. அதற்கு அடுத்ததும் 'பொத்தான்'. எதை அழுத்தினால் பணம் போகும், எதை அழுத்தினால் கட்டளை இரத்தாகும் என்பது தெரியாமல் யார்தான் தமது வங்கிக் கணக்கோடு விளையாடத் துணிவார்கள்?

முன்னர் இத்தகைய மென்பொருள்கள் சாதாரண மனிதர்கள் வாங்க முடியாத விலையில் இருந்தன. 2006 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அவரோடு பார்வையற்றவரான இன்னொரு நண்பரும் இணைந்துகொண்டார். அது இலவசமாகவே வழங்கப்படுகிறது. தமிழையும் அதனால் வாசிக்க முடியும். குரலில் சற்று இயந்திரத் தன்மை இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் பழகிய காதுகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. இன்று நாம் வாங்கும் கையடக்கத் தொலைபேசிகளிலும் இவ்வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. ஆகவே வாசிப்பவரின் பக்கத்தில் கருவி ஆயத்தமாக இருக்கிறது. அதற்கு வாசிக்கக் கொடுப்பவரின் பக்கத்தில்தான் குறை.

பார்வையற்றவர்களோடு மட்டும் இது நின்றுவிடுவதில்லை. செவிப்புலன் அற்றவருக்கு ஒளிப்பதிவின் கீழே எழுத்து வரிகள் தேவை. கை நடுக்கம் உள்ளவரால் மவுஸைப் பிடித்துச் சிறிய சதுரத்துக்குள் அமர்த்த முடியாது, அவருக்கு விசைப்பலகையே கதி. வெளிறிய சாம்பல் நிற எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடுவது இக்கால வடிவமைப்பாளர்களுக்கு அழகாகத் தெரிகிறது. அறுபதைக் கடந்த என் போன்றவர்களின் கண்களுக்கு அங்கே ஒன்றுமே தெரிவதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்று சர்வதேச வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. இந்நெறிகள் முதன்முதலில் 1999 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிடப்பட்டவை. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். படிப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் இணையத்தள முகப்புகளை ஆராய்கிறது. 2019 இல் அவற்றில் 97.8 சதவீதமானவற்றில் குறைபாடுகள் காணப்பட்டன. 2025 இல் அது 94.8 சதவீதம். ஆறு ஆண்டுகளில் மூன்று சதவீத முன்னேற்றம்! இந்த வேகத்தில் போனால் எமது பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்தில் காரியம் கைகூடலாம்.

'மிகச் சிலர்' என்ற கணக்கைப் பார்ப்போம். உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவிலான ஏதாவதொரு மாற்றுத்திறன் நிலையோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இலங்கையில் 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 8.7 சதவீதத்தினர், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதாவதொரு சிரமம் உள்ளவர்கள். அவர்களில் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் பார்வைச் சிரமம் உடையவர்கள். மூன்று தசாப்தப் போர் தின்ற கண்களும் கால்களும் கைகளும் இந்தத் தொகைக்குள் இருக்கின்றன. இவர்களை ஒரு காலத்தில் அங்கவீனர் என்றோம், பிறகு வலது குறைந்தோர் என்றோம். தமிழ்நாட்டு அரசு 2010 இல் மாற்றுத்திறனாளிகள் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது. இங்கே மாற்றாற்றல் உடையோர் என்றும் எழுதுகிறோம். சொல்லைத் திருத்துவதில் நாம் காட்டிய அக்கறையில் பாதியையாவது அவர்கள் நுழையும் வாசலைத் திருத்துவதில் காட்டினோமா என்பது வேறு விடயம்.

இவர்கள் எல்லோரும் பொருட்கள் வாங்குபவர்கள். வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்கள். பேருந்துக்கும் விமானத்துக்கும் பயணச்சீட்டு எடுப்பவர்கள். பிரித்தானியாவில் 2019 இல் வெளியான 'கிளிக் அவே பவுண்ட்' என்ற ஆய்வு இவ்விடயத்தில் கண்ணைத் திறப்பதாக இருந்தது. பயன்படுத்தச் சிரமமான இணையத்தளத்தைக் கண்டதும் இவ்வாறான தேவைகள் உள்ள வாடிக்கையாளர்களில் 69 சதவீதமானோர் அங்கிருந்து வெளியேறிவிடுகிறார்கள் என்றும், அவர்களோடு வெளியேறும் பணத்தின் பெறுமதி ஆண்டுக்கு 1,710 கோடி பவுண் என்றும் அது மதிப்பிட்டது. இந்தப் பெருந்தொகையை விட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு விபரம். குறைபாட்டை நிறுவனத்துக்கு அறிவிப்பவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. கடைக்கு வருபவர் படியேற முடியாமல் திரும்பிப் போனால் முதலாளி கண்ணால் காண்பார். இணையக் கடையில் திரும்பிப் போகிறவரின் முதுகு தெரிவதில்லை. எங்களிடம் ஒருவரும் முறையிடவில்லையே என்று முகாமையாளர்கள் மகிழ்ச்சியோடு சொல்லும்போது அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இதற்கு மாறான உதாரணமும் பிரித்தானியாவிலேயே உண்டு. 2001 ஆம் ஆண்டில் டெஸ்கோ நிறுவனம் பார்வையற்றோருக்கான அரச தேசிய நிறுவனத்துடன் சேர்ந்து எளிமையான கொள்வனவுத் தளமொன்றை உருவாக்கியது. செலவு 35,000 பவுண். அத்தளத்தின் ஊடாக நடந்த வியாபாரம் ஆண்டுக்கு 130 இலட்சம் பவுண் என்று கூறப்பட்டது. சுவையான விடயம் என்னவென்றால், பார்வையுள்ள வாடிக்கையாளர்களும் பிரதான தளத்தை விட்டுவிட்டு அதற்கு வந்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் ஊர்ந்து வந்த காலம் அது. அலங்காரப் படங்கள் இல்லாத பக்கம் விரைவாகத் திறந்தது, தேடிய பொருள் உடனே அகப்பட்டது. மாற்றாற்றல் உடையோருக்காக அமைத்த சாய்தளத்தில் பிள்ளைத் தள்ளுவண்டியோடு தாய்மாரும் ஏறிச் செல்வதில்லையா? அது போலத்தான்.

டெஸ்கோ போன்று தாமாக முன்வராதவர்களைச் சட்டம் வரவழைக்கிறது. அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரும் விற்பனை நிறுவனத்துக்கு எதிராகப் பார்வையற்றோரின் தேசிய சம்மேளனம் 2006 இல் வழக்குத் தொடுத்தது. 2008 இல் 60 இலட்சம் டொலர் கொடுத்து நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. டொமினோஸ் பீட்சா நிறுவனத்தின் வழக்கு இதனிலும் பிரசித்தமானது. கில்லர்மோ ரோப்ளஸ் என்ற பார்வையற்றவர் இணையத்தளத்தின் மூலமும் செயலியின் மூலமும் பீட்சா வாங்க முயன்று முடியாமற்போய் 2016 இல் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார். தொலைபேசியில் அழைத்து வாங்கலாமே என்றது நிறுவனம். 1990 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இணையத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்றும் வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜனவரியில் ரோப்ளஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் மனுவை விசாரிக்க அமெரிக்க உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஒக்டோபரில் மறுத்துவிட்டது. 2021 இல் கீழ் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் ஒரு விபரம் உண்டு. ரோப்ளஸ் தொலைபேசியில் இரண்டு தடவையாவது 45 நிமிடங்களுக்கு மேல் காத்திருந்து களைத்துப் போய் வைத்துவிட்டார். பீட்சாவுக்காகப் பசியோடு காத்திருந்த அனுபவமுள்ள எவரும் இதை இணையத்துக்கு ஈடான வசதி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்ற கருத்துப்பட நீதிபதி எழுதினார். நீதிமன்றத் தீர்ப்புகளில் பசிக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளையே தொழிலாகக் கொண்ட சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். ஒரே மனுதாரரின் பெயரில் நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு அறிவித்தல் அனுப்பிப் பணம் பெறும் போக்கு கண்டிக்கத்தக்கது. அது மாற்றாற்றல் உடையோரின் நியாயத்துக்கே அவப்பெயரைத் தேடித் தருகிறது. அந்தப் பயத்தில் பணம் பார்க்க இன்னொரு கூட்டமும் புறப்பட்டது. உங்கள் தளத்தில் எமது ஒரு வரிக் குறிமுறையைச் சேர்த்தால் போதும், எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். அவ்வாறு விற்பனை செய்த அக்சஸிபி என்ற நிறுவனம் ஏமாற்று விளம்பரத்துக்காகப் பத்து இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2025 இல் உத்தரவிட்டது. வீட்டின் அத்திவாரத்தில் உள்ள வெடிப்பை நாட்காட்டி மாட்டி மறைக்கலாமா?

எமது அயலிலேயே, இந்தியாவில், 2025 ஏப்ரல் 30 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எல்லாவற்றிலும் மேலானதாகக் கருதுகிறேன். அமிலத் தாக்குதலுக்கு உள்ளான பெண்மணி ஒருவர் வங்கிக் கணக்குத் திறக்கச் சென்றார். கணினியின் முன்னால் கண்களை இமைத்துக் காட்டினால்தான் உயிருள்ள மனிதர் என்பது உறுதிப்படும் என்றார்கள். அமிலத்தில் கண்களே சிதைந்து போனவர் எதை இமைப்பது? உயிரோடு எதிரே நிற்கும் ஒருவரை உயிரோடு இருப்பதாக ஏற்றுக்கொள்ள இயந்திரம் மறுக்கிறது, இயந்திரம் சொன்னதை மனிதர்களும் திருப்பிச் சொல்கிறார்கள். இவ்வாறு பாதிக்கப்பட்டோரின் மனுவையும் பார்வையற்ற ஒருவரின் மனுவையும் சேர்த்து விசாரித்த நீதியரசர்கள் ஜே.பி. பர்திவாலாவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து சென்ற ஆர். மகாதேவனும், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21 ஆவது உறுப்புரை உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று தீர்ப்பளித்தார்கள். இமைத்தலுக்கு மாற்று வழிகள் உட்பட 20 பணிப்புரைகளையும் விடுத்தார்கள். வங்கியின் வாசலில் நிறுத்தப்பட்ட ஒருவரின் அவமானம் வாழ்வுரிமை பற்றிய விளக்கமாக விரிந்தது.

புலம்பெயர்ந்து வாழும் எமது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டியது ஐரோப்பாவின் புதிய நிலைமையை. 2019 இல் நிறைவேற்றப்பட்ட ஐரோப்பிய அணுகல் வசதிச் சட்டம் 2025 ஜூன் 28 ஆம் திகதியில் இருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. இணைய விற்பனை, வங்கிச் சேவை, மின்னூல், பயணச்சீட்டு, ஏ.ரி.எம். இயந்திரம், கையடக்கத் தொலைபேசி என்று அதன் எல்லை அகன்றது. கடை எந்த நாட்டில் இருக்கிறது என்பதல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள நுகர்வோருக்கு விற்கிறதா என்பதே கேள்வி. பத்துப் பேருக்குக் குறைவான ஊழியர்களும் 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படாத வருமானமும் கொண்ட சிறு சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே பாரிஸ் லா சப்பல் பகுதியில் உள்ள சிறிய கடைக்காரர் இப்போதைக்கு நிம்மதியாக உறங்கலாம். ஆனால், பல கிளைகளோடு இணையத்திலும் சேலையும் நகையும் மளிகைச் சாமானும் விற்கின்ற பெரிய வியாபாரிகள் தமது தளத்தை வடிவமைத்தவரிடம் இது பற்றிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. அவர் விழித்தால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

இலங்கைக்கு வருவோம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றாற்றல் உடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்காக இயற்றப்பட்டது. அதன் கீழ் 2006 இல் வெளியான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களைப் பற்றியவை. விபத்தொன்றின் பின்னர் சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை சென்று 2011 ஏப்ரலில் பெற்ற உத்தரவும் சாய்தளம், கழிப்பறை, வாசல் ஆகியன பற்றியதே. அவை அத்தியாவசியமானவை. மாற்றாற்றல் உடையோரின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆவது உறுப்புரை கட்டடத்தோடு இணையத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கட்டடத்துக்குக் கூட ஒழுங்காகச் செய்யாதவர்கள் இணையத்துக்குச் செய்வார்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கட்டடத்தை இடித்துக் கட்டச் சீமெந்தும் கம்பியும் வேண்டும். இணையப் பக்கத்துக்கு ஒரு நல்ல தொழில்நுட்பவியலாளரும் அவரைச் செய்யச் சொல்லும் மேலதிகாரியும் இருந்தால் போதும்.

இணையம் விருப்பத் தெரிவு என்ற காலமும் போய்விட்டது. 2022 ஜூலையில் நாடு எரிபொருளுக்காக வீதியில் நின்றபோது கியூ.ஆர். குறியீடு இல்லாதவருக்கு ஒரு லீற்றரும் இல்லை என்ற நிலை வந்தது. குறியீட்டைப் பெற இணையத்தில் பதிய வேண்டியிருந்தது. பதியத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தேடினார்கள். பெட்ரோலுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை உதவலாம். ஆனால் வங்கிக் கடவுச்சொல்லையும், தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. இலக்கத்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஒருவர் எவ்வாறு நிம்மதியாக இருக்க முடியும்? வங்கியே அதை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று எச்சரிக்கிறது. அதே வங்கியின் செயலி, பார்வையற்ற வாடிக்கையாளரைச் சொல்லியே ஆக வேண்டிய நிலைக்குத் தள்ளினால் குற்றம் எவருடையது?

பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்ற வகையில் என்னை மிகவும் உறுத்துவது தமிழ் எழுத்தின் நிலை. ஈயத்தில் அச்சுக் கோத்த காலம் முடிந்து கணினி வந்தபோது எமது அச்சுக்கூடங்களில் பாமினி எழுத்துரு ஆட்சி செய்தது. அன்றைய தேவைக்கு அது செய்த சேவை பெரிது. ஆனால் பாமினியில் தமிழ் எழுத்து என்பது ஆங்கில எழுத்தின் மேல் போர்த்திய போர்வை. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரை வாசிப்பு மென்பொருள் அதைத்தான் வாசிக்கும். ஒரு முழுச் சுற்றறிக்கையையும் அவ்வாறு கேட்டுப் பாருங்கள். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. இருந்தும், இன்றுவரை அலுவலகங்களில் இருந்து பாமினிக் கோப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. பார்வையற்றவர் மட்டுமல்ல, கூகுளின் தேடு இயந்திரமும் அவற்றில் தமிழைக் காண்பதில்லை. கூகுளை உலகத்திலேயே பெரிய பார்வையற்ற வாசகர் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார். விளம்பரத்துக்கு இலட்சக்கணக்கில் செலவு செய்யும் வர்த்தகர்கள் அதைச் சற்று யோசிக்கலாம்.

பாமினியைத் தப்பினால் படம். செய்திகளை வண்ணப் படமாக ஆக்கி முகநூலில் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அரசாங்க அறிவித்தல்கள் கடிதத்தைப் புகைப்படம் எடுத்தது போல வருகின்றன. பத்திரிகைகளின் மின்பதிப்புகளிலும் பல வெறும் பக்கப் படங்களே. எல்லாவற்றிலும் வருத்தத்துக்குரியது மரண அறிவித்தல். எமது சமூகத்தில் அதற்குள்ள இடத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் இருந்து புங்குடுதீவு வரை சிதறிக் கிடக்கும் உறவுகளை ஒரு நாளாவது ஒன்றுசேர்ப்பது அதுதான். அது வட்ஸ்அப்பில் படமாக வருகிறது. பார்வையற்றவரின் தொலைபேசி 'படம்' என்று மட்டும் சொல்கிறது. தன்னோடு ஒரே வகுப்பில் படித்தவர் இறந்துவிட்டதை அந்தியேட்டியும் முடிந்த பிறகு அறிகின்றவரின் மனநிலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, படத்தைப் பார்த்து வாசித்துச் சொல்லிவிடும் என்று சிலர் ஆறுதல் கூறுகிறார்கள். உண்மை இல்லாமல் இல்லை. படத்தில் உள்ளதை விபரித்துக் கூறும் செயலிகள் வந்திருக்கின்றன, அவை பார்வையற்றோருக்குப் பெருந்துணை. எனினும் கணிக்கிற இயந்திரம் பிழையாகவும் கணிக்கும். மருந்தின் அளவிலும் பணத்தின் தொகையிலும் இறுதிக் கிரியையின் திகதியிலும் கணிப்பு உதவாது. எழுதியவருக்கு நிச்சயமாகத் தெரிந்த விபரத்தை மறைத்து வைத்துவிட்டு வாசிப்பவரின் இயந்திரத்தை ஊகிக்க விடுவது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

இணையத்தளம் வைத்திருக்கும் எவரும் இன்றிரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மவுஸை ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, விசைப்பலகையில் 'டாப்' விசையை மட்டும் அழுத்தி அழுத்தி உங்கள் கடையில் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். அதன் பின்னர் தொலைபேசியில் குரல் வாசிப்பை இயக்கிவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, மீண்டும் அதே பொருளை வாங்க முயன்று பாருங்கள். எந்த இடத்தில் நின்றுபோகிறீர்கள் என்பதைக் குறித்து, வடிவமைத்தவருக்கு அனுப்புங்கள். மரண அறிவித்தல் வெளியிடுபவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. படத்தின் கீழே இறந்தவரின் பெயர், ஊர், இறுதிக் கிரியை நடைபெறும் நாளும் நேரமும், தொடர்பு இலக்கம் ஆகியவற்றை ஒருங்குறியில் நான்கு வரிகளாகத் தட்டச்சு செய்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.